இடது பக்கம் சாய்ந்தால்

காளவாசல் சிக்னலுக்கு மேலே, மூன்றாவது மாடியில்
எனக்குத் துனிசியாவில் நாலு ஓட்டல்கள்.
ஹம்மாமெத்தில் இரண்டு, ஜெர்பா தீவில் ஒன்று,
பாலைவனம் தொடங்கும் தூஸில் ஒன்று.
அதற்கு மட்டும் கடல் கிடையாது.
ஒட்டகம் உண்டு, பில்லில் தனியாக வரும்.

காலேஜில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு
சோறு போடும் என்று யார் கண்டது?
ஹெட்செட்டை மாட்டினால் என் பெயர் நாதியா.
கழற்றினால் அங்கயற்கண்ணி.
அதை ஒரு பிரெஞ்சுக்காரர் சொல்லி முடிப்பதற்குள்
அவர் லீவு முடிந்துவிடும்.

அவர்களுக்குச் சூரியன் இறங்கும்போது
எனக்கு நடுராத்திரி.
நாலரை மணி நேரம் முன்னால் உட்கார்ந்து
அவர்களின் நாளைய காலைச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.
ஃபிளமிங்கோக்கள் எந்த மாதம் ஜெர்பாச் சேற்றில்
ஒற்றைக்காலில் வந்து நிற்கும்,
உப்பு ஏரி எந்த வெயிலுக்கு ரோஸ் நிறமாகும்,
தபார்காக் காட்டில் மரத்தின் பட்டையை உரித்தால்
அடியில் எப்படிச் சிவந்திருக்கும்,
கேளுங்கள், சொல்கிறேன்.

கடலை நான் பார்த்தது ஒரே தரம்,
ராமேஸ்வரத்தில், அப்பாவின் சாம்பலோடு.
அன்றும் பார்த்தது கடலை இல்லை,
தம்பியின் நழுவுகிற ஈர வேட்டியை,
ஐயர் விரலால் காட்டிய தொகையை.

ஒருத்தி கூப்பிட்டாள்.
கடல் ரொம்பச் சத்தம் போடுகிறதாம்.
குறைக்க முடியுமா என்கிறாள்.
அது அதன் வேலை மேடம் என்று சொல்ல
என் பிரெஞ்சில் வார்த்தை இருந்தது.
என் வேலையும் இருந்தது.
சமையற்கட்டுப் பக்கம் அறை மாற்றிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை, அறை 214.
தோட்டம் பார்த்த அறைக்குப் பணம் கட்டிவிட்டுக்
கடல் எங்கே என்கிறார் பெல்ஜியத்துக்காரர்.
பால்கனிக்குப் போங்கள் ஐயா,
இடது பக்கம் சாயுங்கள், இன்னும் கொஞ்சம்,
தண்ணீர்த் தொட்டிக்கும் ஈச்சமரத்துக்கும் நடுவில்.
நாற்காலி இழுபடுகிறது.
மூச்சு.
"ஆமாம்," குரல் சின்னதாகிவிட்டது,
"கொஞ்சம் தெரிகிறது."
நீங்கள் எப்போது இங்கே தங்கினீர்கள் என்றார்.
போன வருஷம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொன்னது
ரிசப்ஷன் மொன்ஸெஃப்.
ஒரு மணிக்கு, லைன் காலியாக இருந்தபோது கேட்டேன்:
போனைக் கொஞ்சம் வாசல் பக்கம் நீட்டுங்களேன்.
முதலில் வாக்குவம் கிளீனர்.
பிறகு தூங்க மறுக்கிற ஏதோ குழந்தை.
அதற்கும் அடியில்
யாரோ விடாமல் மாவு சலிக்கிற மாதிரி.
அதுதானா?
அதுதான் என்றார்.

இப்போது உன்னுடையது என்றார்.
கண்ணாடி ஜன்னலைத் தள்ளி
வயர் எட்டுகிற மட்டும் ஹெட்செட்டை வெளியே பிடித்தேன்.
கீழே கல்லின் மேல் இரண்டு தகடுகள்,
டக்கடடக்க, டக்கடடக்க,
முட்டை, வெங்காயம், பிய்ந்த புரோட்டா.
"கல்யாணமா? யாருக்கு?"
இங்கே தினமும் என்றேன்.
"கொடுத்துவைத்த ஊர்."
சால்னா வாசனை மட்டும் லைனில் போகவில்லை.

இரண்டரைக்கு வேன்.
ஏ.வி. பாலத்தில் வைகை,
ஆகாயத்தாமரைக்கு நடுவே ஒரு கோடு ஈரம்,
மற்றதெல்லாம் நிலா விழுந்த மணல்.
பாலைவனம் மாதிரி இல்லையா அண்ணே என்றேன்.
டிரைவர் குமரண்ணன் கண்ணாடியை ஏற்றினார்.
"நாத்தம் தெரியலையா உனக்கு?"

உத்தங்குடி மொட்டைமாடியில்
மோட்டார் போட்டுவிட்டுக் காத்திருக்கையில் விடிகிறது.
கைப்பிடிச் சுவரில் இடது பக்கம் சாய்ந்தால்
செல்போன் டவருக்கும் எதிர்வீட்டுச் சாரத்துக்கும் நடுவில்
யானைமலை, தும்பிக்கை இல்லாமல், முதுகு மட்டும்.
எதிர்வீட்டார் இன்னொரு மாடி எழுப்புகிறார்கள்.
கம்பி கட்டியாகிவிட்டது.
இனி இதையும் தோட்டம் பார்த்த அறை என்று
போட்டுவிட வேண்டியதுதான்.
தோட்டம் என்றால்,
ஒரு முருங்கை. அதுவும் அவர்களுடையது.